கிரியாட்டினின் கூடினால் தண்ணீரைக் கூட்ட வேண்டுமா?

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "அப்பாவுக்கு 58 வயது. செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறார். பல ஆண்டுகளாக நீரிழிவு. கிரியாட்டினின் கூடியிருப்பதாக கிளினிக்கில் சொன்னார்கள். அன்றிலிருந்து அம்மா தண்ணீரும் இளநீருமாகக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார். சரியா?"

அம்மாவின் தவிப்பு புரிகிறது, தங்கச்சி. கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு; இரத்தத்தில் அது கூடினால் சிறுநீரகம் தளர்கிறதோ என்று பார்க்க வேண்டும். ஆனால் தண்ணீரை ஊற்றி அடைப்பை எடுக்கச் சிறுநீரகம் சாக்கடைக் குழாய் இல்லை. வெயிலில் குலை வெட்டுகிறவருக்குத் தண்ணீர் கட்டாயம் வேண்டும். சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போனால் பெரும்பாலும் போதுமானது. கால் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ கணக்கு மாறிவிடும். அப்போது மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது. இளநீரில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் தளர்ந்தால் அது இரத்தத்தில் தேங்கி இதயத்துடிப்பையே குலைக்கும். அப்பாவின் பொட்டாசியம் அளவு தெரியும் வரை இளநீரை நிறுத்திவையுங்கள்.

நான் அதிகம் கவலைப்படுவது உப்பைப் பற்றித்தான். தோட்டத்து லயத்தில் வளர்ந்தவள் நான். விடியற்காலை பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போகும் பெரியப்பாவுக்குப் பெரியம்மா சோறு கட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். சோற்றின் மேல் பொரித்த முட்டை, அதைச் சுற்றிக் கிச்சாப் என்னும் சோயா சாஸ், ஓரத்தில் நெத்திலிச் சம்பால், மேலே ஒரு துண்டுக் கருவாடு. முட்டையின் விளிம்பு கறுக்கும் வரை கிச்சாப் புட்டியைக் கவிழ்த்துப் பிடிப்பார். உப்புக் கிச்சாப் ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. ஒரு நாள் முழுவதற்கும் 2,000 மில்லிகிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாட்டையும் சம்பாலையும் நான் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை! உப்பு ஏறினால் இரத்த அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால் சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிகள் சிதையும். எனவே கிச்சாப் புட்டியை மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள். புளி, எலுமிச்சை, மிளகு, கறிவேப்பிலை சேர்த்து ருசி கூட்டுங்கள். 'சோடியம் குறைந்த உப்பு' என்று கடையில் விற்பதையும் வாங்காதீர்கள். பெரும்பாலும் அதில் பொட்டாசியம் கலந்திருக்கும்.

காப்பிக்கடையில் இனிப்புப் பால் சேர்த்த தே தாரிக்குக்குப் பதிலாக, பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங் கேட்கச் சொல்லுங்கள். மலேசியாவில் டயாலிசிஸுக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோரை அங்கே கொண்டுவந்தது நீரிழிவுதான். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் மற்ற எதைச் செய்தாலும் முழுப் பயன் கிடைக்காது.

இன்னொன்றை யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. நம் வீட்டுக் கொல்லைகளில் நிற்கும் பெலிம்பிங், அதாவது நட்சத்திரப் பழம், சிறுநீரகம் கெட்டவருக்கு நஞ்சு. அதிலுள்ள ஒரு பொருள் வெளியேற வழியின்றி மூளையைத் தாக்கும். முதலில் நிற்காத விக்கல், பிறகு மனக்குழப்பம், வலிப்பு, உயிரே போகலாம். பழமும் வேண்டாம், சாறும் வேண்டாம். சாப்பிட்டபின் விக்கல் தொடங்கினால் உடனே அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள்.

பூனைமீசைக் கஷாயம் கொடுக்கலாமா என்றும் பலர் கேட்கிறார்கள். சிறுநீரைக் கூடுதலாகப் போக்கும் மூலிகை அது. கெட்டுப்போன சிறுநீரகத்தை அது திரும்பக் கட்டித் தராது. மாத்திரை சாப்பிடுகிறவர் மருத்துவரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம். வேலை முடிந்து மேல்வலிக்கென்று கடையில் வாங்கிப் போடும் வலி மாத்திரைகளும் அப்படித்தான். பலவும் சிறுநீரகத்துக்கு வரும் இரத்தத்தையே குறைத்துவிடும்.

அடுத்த முறை அரசு கிளினிக்குக்கு அப்பாவுடன் நீங்களும் போங்கள். சிறுநீரில் புரதம் போகிறதா, பொட்டாசியம் எவ்வளவு, ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் குடிக்கலாம் என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் எண்களை அங்கேயே எழுதி வாங்கிக்கொண்டு, அம்மாவின் கையில் கொடுங்கள்.