தொட்டியில் பிறக்கும் ஓர்க்கா குட்டியை ஏன் கொண்டாடக் கூடாது

வணக்கம் மக்களே. ஓர்க்கா திமிங்கலங்களைப் பற்றிப் பேசினாலே உங்களில் சிலர் தவறாமல் கேட்கும் கேள்வி இது: கடலில் போய்ப் பிடிப்பது கொடுமைதான், ஆனால் காட்சி நடத்தும் கடல் பூங்காவின் தொட்டியிலேயே பிறந்த குட்டிக்குக் கடலே தெரியாதே, அது அங்கேயே இருந்துவிட்டுப் போனால் என்ன?

எனக்கு அந்தப் பிறப்புதான் பெரிய தப்பாகப் படுகிறது. பிடித்து வந்த விலங்கைத் திரும்ப விடச் சொல்லிச் சண்டையாவது போடலாம். தொட்டியில் பிறந்ததை "இதற்கு வேட்டையாடத் தெரியாது, விட்டால் செத்துவிடும்" என்று சொல்லியே ஆயுளுக்கும் அடைத்து வைக்கலாம். அதை அப்படி ஆக்கியதே அந்தப் பூங்காக்காரர்கள்தானே?

கார்க்கியை எடுத்துக்கொள்ளுங்கள். 1969-இல் கனடாவின் பசிபிக் கரையோரம் பிடிபட்ட பெண் ஓர்க்கா. ஏழு முறை சினையானது, ஒரு குட்டிகூட 46 நாளைத் தாண்டவில்லை. முதல் குட்டிகள் பிறந்தது வட்டத் தொட்டியில். குட்டிக்கு வளைந்து நீந்த வரவில்லை, சுவரில் முட்டப் போகும்போதெல்லாம் தாய் குறுக்கே புகுந்து தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தது, குட்டி வாய் வைத்துப் பால் குடிக்க வாகாக இருவரும் சேர்ந்து நீந்தவே முடியவில்லை. இதைக் கண்ணால் பார்த்த பிறகும் மறுபடி மறுபடி சினையாக விட்டார்கள் என்பதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

அப்புறம் டிலிகம் என்ற ஆண் ஓர்க்கா. 1983-இல் ஐஸ்லாந்து அருகே பிடித்தபோது வயது இரண்டு இருக்கும். 1991-இல் ஒரு பயிற்சியாளர் செத்ததில் அதற்கும் பங்கு இருந்தது. அதன் பிறகும் விந்து எடுத்துச் செயற்கைக் கருவூட்டல்வரை போனார்கள், மொத்தம் 21 குட்டிகளுக்குத் தகப்பன்.

இனத்தைக் காப்பாற்றத்தான் இதெல்லாம் என்பார்கள். சரி, தொட்டியில் பிறந்த எந்த ஓர்க்காவைக் கடலில் விட்டார்கள்? ஒன்றைக்கூட இல்லை. ஐஸ்லாந்து தாய்க்கும் பசிபிக் தகப்பனுக்கும் கலந்து பிறந்த குட்டி எந்தக் கடல் கூட்டத்தோடு போய்ச் சேரும்? பசிபிக்கில் மீன் தின்று வாழும் கூட்டங்களில் வளர்ந்த மகன்கூட ஆயுள் முழுக்கத் தாயை விட்டுப் பிரிவதில்லை. பூங்காக்களிலோ தாயை ஒரு ஊரிலும் பிள்ளையை வேறு ஊரிலும் வைத்தார்கள்.

அமெரிக்காவின் சீவேர்ல்டு பூங்கா நிறுவனம் 2016-இல் ஓர்க்கா இனப்பெருக்கத்தை நிறுத்துவதாக அறிவித்தது, கனடா 2019-இல் அதைத் தடுத்துச் சட்டமே போட்டுவிட்டது. எல்லா நாட்டிலும் இது வர வேண்டும். பிரான்சின் ஆந்தீப் நகரப் பூங்கா 2025 ஜனவரியில் மூடியபோது, அங்கேயே பிறந்த விக்கி என்ற தாயும் கெய்ஜோ என்ற மகனும் போக இடமில்லாமல் அதே தொட்டியில் நின்றார்கள். இருப்பவற்றுக்கே கடலோரத்தில் வலையடைத்த விரிகுடாக்களைத் தேட வேண்டியிருக்கிறது, அதற்கு இடமும் பணமும் வேண்டும். இந்த நிலையில் இன்னொரு குட்டியைப் பிறக்க வைக்க யாருக்கும் உரிமை இல்லை.