தொட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆள்

வணக்கம் நேயர்களே. ஜனவரி பிறந்தால் சென்னைக் கல்லூரிகளில் கல்ச்சுரல்ஸ் சீசன் களைகட்டிவிடும். ஐஐடியின் சாரங் அந்த மாதம்தான். அதையொட்டி ஒவ்வொரு வளாகத்திலும் மேடை, பாட்டு, ஃபுட் கோர்ட். மேடையைப் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் ஃபுட் கோர்ட்டுக்குப் பின்பக்கம் நடப்பதைப் பேச வந்திருக்கிறேன்.

ராத்திரி பத்து மணிக்கு அங்கே கிடக்கும் ஒரு கறுப்புப் பையைப் பிரித்துப் பாருங்கள். பாதி தின்ற கொத்து பரோட்டா, மயோனைஸ் ஒட்டிய அட்டைத் தட்டு, கால்வாசித் தண்ணீரோடு மூடி போட்ட பாட்டில், எல்லாவற்றின் மேலும் யாரோ கவிழ்த்த ரோஸ்மில்க். அட்டையையும் பாட்டிலையும் காய்ந்தபடி கொடுத்திருந்தால் காயலான் கடைக்காரர் காசு கொடுத்து வாங்கியிருப்பார். நனைந்து நாறியபின் தொடமாட்டார். மிஞ்சிய சாப்பாட்டையும் உரக்குழியில் போட முடியாது, அதற்குள் ஸ்பூனும் கெச்சப் பாக்கெட்டும் கிடக்கின்றன. ஆக, தனித்தனியாக உருப்படியான இரண்டு பொருள்கள் ஒன்றாகச் சேர்ந்ததாலேயே குப்பையாகி லாரி ஏறுகின்றன.

லாரி ஏறுவதற்கு முன் யாராவது பிரித்தால்? பிரிக்கிறார்கள், ஹவுஸ்கீப்பிங் அக்காக்கள். விடிவதற்குள் மைதானத்தைத் துடைத்து வைக்க வேண்டும் என்ற அவசரத்தில், பாட்டிலைத் திறந்து தண்ணீரைக் கொட்டி, மூடியைத் தனியாகப் போட்டு, கையால் துழாவித்தான் பிரிக்கிறார்கள். சாப்பிட்டவர் கை நீட்டும் அந்த ஒரு நொடியில் முடிந்திருக்க வேண்டிய வேலை இது. எனக்கு ஆற்றாமையாக இருப்பது இதுதான்.

சட்டத்தில் குறையில்லை. உரிமம் பெறாத இடத்தில் நூறு பேருக்கு மேல் கூட்டி நிகழ்ச்சி நடத்தினால், மூன்று வேலை நாள் முன்னதாக உள்ளாட்சிக்குத் தெரிவிக்க வேண்டும், குப்பையை அங்கேயே பிரித்துக் கொடுப்பது நடத்துபவர் பொறுப்பு என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளே சொல்லிவிட்டன.

சரி, பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி வாங்கி வைத்தால் போதுமா? போதாது. கூட்ட நெரிசலில், ஒரு கையில் போனும் மறு கையில் தட்டுமாக வருபவர் எழுதியிருப்பதைப் படிக்க மாட்டார். ஏற்கெனவே உள்ளே என்ன கிடக்கிறதோ அதைப் பார்த்துத்தான் போடுவார். முதல் ஆள் தப்பாகப் போட்டால் அந்தத் தொட்டி அன்றைக்கு அவ்வளவுதான். அதனால் தொட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும். ஜப்பானியப் பல்கலைக்கழக விழாக்களில் மாணவர்களே இப்படி நின்று, எதை எதில் போடுவது என்று காட்டிக்கொடுக்கும் வழக்கம் உண்டு. “மிச்சத்தை இதில் தட்டுங்க, தண்ணியை இந்த வாளியில ஊத்துங்க, பாட்டில் அங்கே.” இவ்வளவுதான் வேலை. தண்ணீர் ஊற்ற ஒரு வாளி இருப்பதே பாதிச் சிக்கலைத் தீர்க்கும். வாலண்டியர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். கால் வலித்தால் யாருக்கும் பொறுமை இருக்காது.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ஸ்டால் கொடுக்கும்போதே, எதில் பரிமாறலாம் என்று எழுதி வாங்கிவிடுங்கள். பேப்பர் கப் காகிதம்தானே என்று நினைக்கிறோம். உள்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது, அது மக்காது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட பொருள்களில் அந்தப் பூச்சு போட்ட கப்பும் தட்டும் உண்டு. மேடை அலங்காரத்துக்கு வெட்டும் தெர்மோகோலுக்கு 2022 ஜூலை முதல் நாடு முழுக்கத் தடை. வாழையிலை, பாக்குமட்டைத் தட்டு, எவர்சில்வர் டம்ளர் எல்லாம் நம் கல்யாண வீடுகளில் பழகியவைதானே.

டம்ளர் தொலைந்துவிடுமே என்பார்கள். இருபது ரூபாய் முன்பணம் வாங்குங்கள், திருப்பித் தந்தால் கொடுத்துவிடுங்கள். நீலகிரியில் 2022இல் மதுபாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் தந்தால் திருப்பிக் கொடுக்கும் முறை வந்தது. காட்டில் உடைந்து கிடந்து யானைக் காலைக் கிழித்த பாட்டில்கள் கடைக்குத் திரும்பி வர ஆரம்பித்தன.

காடு என்றதும் இன்னொன்று. கிண்டிக் காட்டை ஒட்டிய ஐஐடி வளாகத்தில் புள்ளிமான்கள் திரிகின்றன. அங்கே இறந்த மான்களின் வயிற்றில் பிளாஸ்டிக் இருந்ததாக உடற்கூறாய்வுகள் காட்டியிருக்கின்றன. உப்பும் எண்ணெயும் ஒட்டிய உறையை மான் தின்னத்தான் செய்யும். மரம், மாடு, நாய் உள்ள எந்த வளாகத்துக்கும் இது பொருந்தும். தொட்டிக்கு மூடி வேண்டும். இரவே பைகளைக் கட்டி உள்ளே எடுத்துவிட வேண்டும்.

விழாக் குழுவில் இருக்கும் தம்பி தங்கைகளிடம் ஒரு வேண்டுகோள். ஸ்பான்சர், ஒலி, ஒளி என்று முதல் கூட்டம் போடுவீர்கள் அல்லவா? அந்தக் கூட்டத்துக்கே ஹவுஸ்கீப்பிங் அக்காக்களில் இரண்டு பேரை அழைத்து உட்கார வையுங்கள். தொட்டியை எங்கே வைத்தால் நிரம்பி வழிகிறது, எந்த ஸ்டாலில் சாம்பார் அதிகம் கொட்டுகிறது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் சொல்வதைக் கேட்டு வரைபடம் போடுங்கள். அப்புறம் ஸ்டால்களை ஏலம் விடுங்கள். வணக்கம்.