பிறந்த மண்ணும் அப்பாவின் பிறப்புப் பத்திரமும்

எல்லோருக்கும் வணக்கம். என்னைப் பேசக் கூப்பிட்டவர்கள் கொடுத்த தலைப்பு, ஒரு நாட்டில் பிறந்தாலே அந்த நாட்டுக் குடிமகனாகிவிட முடியுமா என்பது. இதைக் கேட்டதும் பாதிப் பேருக்கு அமெரிக்கா ஞாபகம் வந்திருக்கும். பையன் அங்கே வேலையில் இருக்கிறான், பேத்தி அங்கே பிறந்தாள், அவள் அமெரிக்கக்காரி. சரிதான். அவர்களுடைய அரசியல் சாசனத்தின் 14-வது திருத்தம் 1868-ல் வந்தது, அங்கே பிறந்தவர் அந்த நாட்டுக் குடிமகன் என்று. சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த வோங் கிம் ஆர்க் என்கிற சீனர் வெளியே போய்த் திரும்பியபோது உள்ளே விட மறுத்தார்கள்; அவர் வழக்குப் போட்டு 1898-ல் ஜெயித்தார். அதை மாற்றத்தான் 2025 ஜனவரியில் டிரம்ப் ஓர் ஆணையில் கையெழுத்துப் போட்டார், உடனே வழக்குகளும் பாய்ந்தன. அதை நம்மைவிட அங்கே பிள்ளைகள் இருப்பவர்கள் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், நான் அங்கே நிற்கப் போவதில்லை. கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நம் ஆட்களுக்கே நடந்ததைச் சொல்கிறேன்.

இலங்கைக்குச் சுதந்திரம் வந்தது 1948 பிப்ரவரியில். அதே வருடம் டி. எஸ். சேனநாயக்க அரசு பிரஜாவுரிமைச் சட்டம் கொண்டுவந்தது. மலையகத் தேயிலைத் தோட்டங்களில் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் பிறந்து, லயத்தில் வளர்ந்து, அதே மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த லட்சக்கணக்கான தமிழர்களை அந்தச் சட்டம் ஒரு கேள்வி கேட்டது. நீ எங்கே பிறந்தாய் என்றில்லை. உன் அப்பா எங்கே பிறந்தார்? அப்பா இலங்கையில் பிறக்கவில்லை என்றால், தாத்தாவும் அவருடைய அப்பாவும் அங்கே பிறந்திருக்க வேண்டும். இதற்குப் பத்திரம் காட்டு என்றது.

யோசித்துப் பாருங்கள். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்தோ திருச்சிப் பக்கத்திலிருந்தோ தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி பின்னால் நடந்தே போன குடும்பம், அதில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏதோ ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்த பிள்ளைக்கு யார் பிறப்புப் பத்திரம் எழுதி வைத்தார்கள்? தோட்டத்துத் துரையின் கணக்குப் புத்தகத்தில் பேர் இருக்கும், எத்தனை ராத்தல் கொழுந்து என்று இருக்கும். எனக்கு இதில் ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான். அரசாங்கம் எழுதி வைக்காத காகிதத்தை அரசாங்கமே வந்து கேட்கிறது, இல்லை என்றதும் நீ இந்த ஊர் ஆளே இல்லை என்கிறது. சிங்கள விவசாயியிடமும் அவருடைய தாத்தாவின் பத்திரம் இருந்திருக்காது, ஆனால் அவரிடம் யாரும் கேட்கவில்லை.

1949-ல் இன்னொரு சட்டம் வந்தது, விண்ணப்பம் போட்டுப் பிரஜாவுரிமை வாங்கிக்கொள்ளலாம் என்று. கல்யாணம் ஆனவர் என்றால் 7 வருடம், ஆகாதவர் என்றால் 10 வருடம் தொடர்ந்து அங்கேயே இருந்ததைக் காட்ட வேண்டும். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்கு வந்து ஒரு வருடத்துக்கு மேல் தங்கிவிட்டால் அந்தத் தொடர்ச்சி அறுந்தது. சுமார் 8 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள், கிடைத்தது ஒன்றேகால் லட்சம் சொச்சம் பேருக்கு. அதே வருடம் ஓட்டுரிமையும் போனது. 1947 தேர்தலில் அந்த மக்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரசிலிருந்து 7 பேர் பாராளுமன்றம் போயிருந்தார்கள், 1952-ல் ஒருவர்கூட இல்லை. வழக்கு அப்போதைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது, 1953-ல் அங்கேயும் கைவிட்டுவிட்டார்கள். தன் குடிமக்கள் யார் என்று முடிவு செய்வது அந்தந்த நாட்டுப் பாராளுமன்றத்தின் வேலையாம்!

அப்புறம் 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து பேசினார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. 1974-ல் அந்த மீதியையும் ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். அந்த மக்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர்களில் நிறையப் பேர் இந்தியாவை அதற்கு முன் பார்த்ததே இல்லை. நீலகிரியில், கூடலூரிலும் கோத்தகிரியிலும் அவர்களுக்கு நாம் வைத்த பேர் என்ன தெரியுமா? சிலோன்காரர். அங்கே இந்தியாக்காரன், இங்கே சிலோன்காரன். இலங்கையிலேயே மிஞ்சியவர்களுக்குப் பெரும்பாலும் வழி பிறந்தது 2003 சட்டத்தில், அதாவது 55 வருடம் கழித்து.

சரி, இலங்கையை மட்டும் திட்டிவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. நம் சட்டத்துக்கு வருவோம். 1955-ல் போட்ட குடியுரிமைச் சட்டம் முதலில் தாராளமாகத்தான் இருந்தது. 1950 ஜனவரி 26-க்குப் பிறகு இந்தியாவில் பிறந்தவர், தூதரக அதிகாரி வீட்டுப் பிள்ளை போன்ற ஒன்றிரண்டு விலக்கு தவிர, இந்தியர். அது 1987 ஜூன் 30 வரைக்கும்தான். ஜூலை 1-லிருந்து அப்பா அம்மாவில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் இன்னும் இறுக்கிவிட்டார்கள்: ஒருவர் இந்தியர் என்றால் போதாது, மற்றவர் சட்டவிரோதமாக வந்தவராகவும் இருக்கக் கூடாது.

இப்போது ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மண்டபம் இலங்கை அகதிகள் முகாமில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். இலங்கையில் 1983-ல் தமிழர்களுக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பிறகு படகில் வந்த குடும்பம். அக்கா 1986-ல் பிறக்கிறாள், தம்பி 1988-ல் பிறக்கிறான். அதே பத்துக்குப் பத்து அறை, அதே தொட்டில் சேலை. சட்டப்படி அக்கா இந்தியர், தம்பி அகதி. கதைக்காகச் சொல்வதாக நினைக்காதீர்கள். மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த ஒரு பெண் பாஸ்போர்ட் கேட்டு, மறுக்கப்பட்டு, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். 2022-ல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. வாதம் ரொம்ப எளிமையானது: பிறந்த தேதியைப் பாருங்கள், சட்டத்தைப் பாருங்கள். அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்கு 36 வருடம்.

இன்னொன்று, கல்யாணம். முகாம் பையன் பக்கத்து ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொள்கிறான், அவள் பரம்பரையாக இந்த ஊர்க்காரி. அவர்களுக்கு 2010-ல் ஒரு குழந்தை. அம்மா இந்தியர்தானே, அப்புறம் என்ன என்று கேட்பீர்கள். விசா இல்லாமல் படகில் வந்த அப்பா சட்டத்தின் கண்ணுக்குச் சட்டவிரோதக் குடியேறி, அதனால் அந்தக் குழந்தை பிறப்பால் இந்தியர் இல்லை. பக்கத்து நாடுகள் சிலவற்றிலிருந்து வந்த சில மதத்தவருக்கு வழி திறந்த 2019 குடியுரிமைத் திருத்தத்திலும் இலங்கை சேரவில்லை. மறுபடியும் அதே கேள்விதான் பாருங்கள், உன் அப்பா யார்? கொழும்பில் 1948-ல் கேட்டதை நாம் 2004-ல் டெல்லியில் கேட்டிருக்கிறோம்.

பாஸ்போர்ட் வழக்குப் போட்ட அந்தப் பெண் 2024 ஏப்ரல் 19 அன்று திருச்சியில் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார். அன்றைக்கு அவருக்கு வயது 38க்கு இரண்டு நாள் குறைவு. முகாம்களில் 1987 ஜூலைக்கு முன் பிறந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உங்களுக்கு யாரையாவது தெரியும் என்றால், கூட்டம் முடிந்ததும் என்னை வந்து பாருங்கள், பிறப்புச் சான்றிதழ் இருக்கிறதா என்பதை முதலில் பார்ப்போம்.