ஐப்பசியில் பறவை பார்க்க: நீர் வரத்தைப் பார்த்துக் கிளம்புங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

புரட்டாசி பிறந்தாலே இராமநாதபுரம் கடற்கரையில் உள்ளான், உப்புக்கொத்தி, கோட்டான் (ஆந்தை அல்ல, நீண்டு வளைந்த அலகுள்ள கரைப்பறவை), ஆலா என்று வடக்கேயிருந்து வலசைப் பறவைகள் வந்து இறங்கத் தொடங்கிவிடும். ஐப்பசியில் கூட்டம் நன்றாகவே கூடிவிடும். பத்துப் பேராகச் சேர்ந்து வேன் பிடித்து விடியற்காலையில் தனுஷ்கோடிக்குப் போய், "ஒன்றுமே இல்லையே" என்று திரும்புகிற குழுக்களும் உண்டு. பெரும்பாலும் அவர்கள் போன நேரத்தில் தண்ணீர் வற்றி, பறவைகள் கண்ணுக்கெட்டாத தூரத்துச் சேற்றில் சிதறி மேய்ந்துகொண்டிருந்திருக்கும்.

ஆகவே முதலில் நீர் ஏற்றத்தையும் வற்றத்தையும் பாருங்கள். பாம்பனுக்கான ஓத அட்டவணையை, அதாவது கடல்நீர் ஏறி வற்றும் நேரப் பட்டியலை வைத்து, உச்ச ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே இடத்துக்குப் போய்விட வேண்டும். தண்ணீர் ஏற ஏற, மேய்ச்சல் நிலம் சுருங்கி, பறவைகள் தாமாகவே கரையை நோக்கி வரும். நாம் அவற்றை நோக்கி நடக்கத் தேவையே இல்லை. ஏற்ற நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால், போன ஞாயிறு போன நேரத்துக்கே இந்த ஞாயிறும் போனால் ஏமாற்றம்தான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் அதிகம். அட்டமி, நவமியில் குறைவு.

அட்டவணை மட்டும் போதாது. நம் கரையில் ஓத வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவு. அதனால் காற்று நினைத்தால் கணக்கையே மாற்றிவிடும். வாடைக்காற்று பலமாக வீசும் நாளில், பெண்கடல் என்று நாம் சொல்லும் பாக் நீரிணைப் பக்கம்தான் கொந்தளிக்கும். காற்று தள்ளிய தண்ணீர் கரையோரம் தேங்கி, வற்ற நேரத்திலும் சேறு வெளியே தெரியாது. அப்படிப்பட்ட நாளில் தெற்கே, மன்னார் வளைகுடாப் பக்கம் ஒதுங்கிய திட்டுகளைப் பாருங்கள். காலையில் கடலுக்குப் போய்வந்த மீனவரிடம் ஒரு வார்த்தை கேட்பது எந்தச் செயலியை விடவும் உதவும். பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருந்தால் கடற்கரைப் பயணத்தை விட்டுவிடுங்கள். இராமநாதபுரம் ஊருக்குப் பக்கத்துச் சக்கரக்கோட்டைக் கண்மாய்க்குப் போவதையும் வேறொரு நல்ல நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெறும் காற்றுதான், எச்சரிக்கை எதுவும் இல்லை என்றால் அன்றைக்கே கண்மாய்க்கு வண்டியைத் திருப்பலாம்.

பூநாரையை நம்பி ஐப்பசியில் கிளம்புகிறவர்களுக்கு ஒன்று. தனுஷ்கோடியில் 524.7 ஹெக்டேர் பரப்பை 2025-இல் பூநாரை சரணாலயமாக அரசு அறிவித்திருக்கிறது. ஆனால் அவை பெருங்கூட்டமாக நிற்பது பெரும்பாலும் மழை ஓய்ந்த பிறகு, மார்கழி, தை வாக்கில்தான். ஐப்பசியின் செல்வம் சின்னப் பறவைகள். அவற்றை அடையாளம் காணப் பொறுமை வேண்டும்.

உப்புக்கொத்தியையும் உள்ளானையும் பிரிக்க நிறத்தைத் தேடாதீர்கள். எல்லாமே சாம்பலும் பழுப்புமாக இருக்கும். நடையைப் பாருங்கள். உப்புக்கொத்தி நாலடி ஓடும், சட்டென்று நிற்கும், குனிந்து ஒரு கொத்துக் கொத்தும், மறுபடி ஓடும். அது கண்ணால் இரை தேடும் பறவை. உள்ளான் தலையைக் குனிந்தபடியே தையல் இயந்திரத்து ஊசி மாதிரி சேற்றைக் குத்திக்கொண்டே போகும். அலகு நுனியால் தடவி இரையை அறிகிறது. அதிலும் அலகு கீழ்நோக்கி வளைந்து, பறக்கும்போது வால் மேல்பகுதி வெள்ளையாகத் தெரிந்தால் வளைமூக்கு உள்ளான். சிட்டுக்குருவி அளவே இருந்து, குட்டை அலகும் கறுத்த காலுமாகப் பரபரத்தால் கொசு உள்ளான். உப்புக்கொத்திகளில் பின்கழுத்தில் வெள்ளை வளையம் இருந்தால் கென்டிஷ் உப்புக்கொத்தி. வளையம் இல்லாமல் பின்கழுத்து முழுக்கப் பழுப்பாக இருந்தால் மணல் உப்புக்கொத்தி. பறவை திரும்பி முதுகைக் காட்டும்வரை காத்திருந்து இதைப் பாருங்கள். இங்கேதான் புதியவர்கள் அதிகம் தவறுகிறார்கள்.

எட்டுப் பத்துப் பேருக்கு மேல் ஒரு குழு வேண்டாம். ஆளுக்கொரு 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. முகப்பு லென்ஸ்) இருகண்நோக்கி, நாலைந்து பேருக்கு ஒரு தொலைநோக்கி போதும். காலை பத்து மணிக்கு மேல் மணலில் கானல் எழும்பிவிடும். அப்போது 60 மடங்குக்குத் திருகினால் பறவை தண்ணீரில் கரைந்ததுபோல் தெரியும். 20 அல்லது 25-க்கு இறக்குங்கள். லென்ஸில் படியும் உப்பை அப்படியே துணியால் தேய்த்தால் பூச்சு கீறிவிடும். முதலில் ஊதுபந்தால் ஊதி, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மென்துணியால் ஒற்றி எடுத்து, கடைசியில்தான் துடைக்க வேண்டும். நிழலே கிடையாது, ஆளுக்கு மூன்று லிட்டர் குடிநீர் அவசியம்.

சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நின்று, கூட்டத்துக்கு நூறு மீட்டராவது தள்ளி உட்காருங்கள். மேய்ந்த பறவைகள் தலையைத் தூக்கி அசையாமல் நின்றால் அதுவே முதல் எச்சரிக்கை. எல்லாம் ஒரே பக்கமாக நடக்கத் தொடங்கினால் நீங்கள் மிக நெருங்கிவிட்டீர்கள், இரண்டடி பின்வாங்குங்கள். ஏற்ற நேரத்தில் ஒற்றைக் காலில் ஓய்ந்து நிற்கும் கூட்டத்தைப் படத்துக்காகக் கிளப்பிவிடுவது பெரிய கொடுமை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து, இழந்த கொழுப்பைத் திரும்பச் சேர்த்துக்கொண்டிருக்கிற உடம்பு அது. மீன் துண்டு, சோற்று மிச்சம் எதையும் போடாதீர்கள். நாய்கள் பின்னாலேயே வரும். நாய் வந்தால் அன்றைக்கு அந்தத் திட்டில் பறவை தங்காது.

கரைவலை இழுக்கும் இடத்தில் ஆலாக்களும் கடற்காகங்களும் வந்து கூடும். கயிற்றைத் தாண்டாமல், இழுப்பவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் தள்ளி நின்றால் அருமையாகப் பார்க்கலாம். வாலிநோக்கம் உப்பளங்களுக்குள் போக முன்னனுமதி வாங்குங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல், படகுக்காரர் கூப்பிட்டாலும் இறங்கக் கூடாது.

எண்ணும்போது, பத்துப் பறவை எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பிடித்துக்கொண்டு, அந்த அளவால் கூட்டத்தை அளந்துகொண்டே போங்கள். கோட்டான், மூக்கன் போன்ற பெரிய கரைப்பறவைகளின் கால்களுக்குப் பின்னால் கொசு உள்ளான்கள் மறைந்து நிற்கும். அதனால் இரண்டு கோணத்திலிருந்து எண்ணுங்கள். ஒருவர் எண்ண, ஒருவர் எழுதட்டும். பறவையின் காலில் ஆய்வாளர்கள் மாட்டிய நிறக்கொடியோ வளையமோ தெரிந்தால் எந்தக் கால், மூட்டுக்கு மேலா கீழா, என்ன நிறம், என்ன எழுத்து என்று அங்கேயே குறித்து, படத்தோடு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பிவையுங்கள். எங்கே மாட்டிய வளையம் என்பதை அவர்கள் பதிவேட்டில் தேடிச் சொல்வார்கள்.

வணக்கம்.