ஒரே மருந்து, ரெண்டு அட்டை

வணக்கம் நேயர்களே. ஜெனரிக் மருந்து, அதாவது ஒருவர் கண்டுபிடித்த மருந்தை வேறு கம்பெனி அதே மாதிரி செய்து விற்பது, நல்லதா கெட்டதா என்று பேசத்தான் கூப்பிட்டார்கள். மருந்து கவுண்டரில் நிற்கிறவன் என்பதால் எனக்குச் சொல்ல இருப்பது வேறு: மாத்திரையை மாற்றிக் கொடுக்கும் அன்றைக்கு நாங்கள் என்ன சொல்லி அனுப்புகிறோம் என்பது.

ஒரு பாட்டி வந்தார், ரெண்டு காலும் வீங்கி, செருப்புக்குள் பாதம் நுழையாமல். மஞ்சப் பையைக் கவிழ்த்தார். தனியார் டாக்டர் எழுதியதாக ஓர் அட்டை, எங்கள் கவுண்டரில் வாங்கியதாக இன்னொன்று. ரெண்டும் பிரஷருக்குக் கொடுக்கும் அம்லோடிபின் 5 மில்லிகிராம்தான். "இது பிரஷருக்கு தம்பி, இது நீங்க புதுசா குடுத்தது, எதுக்குன்னு தெரியல, ரெண்டையும் போட்டுக்கிறேன்" என்றார். அந்த மாத்திரை அளவு கூடினால் கணுக்கால் வீங்கும். பழையதை நிறுத்திவிட்டு இதைப் போடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் அட்டையை நீட்டியது நான்தான்.

சரி, ஜெனரிக் என்றாலே மட்டம் என்ற பேச்சுக்கு வருவோம். 1970-ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டப்படி, 2005 வரைக்கும் இந்தியாவில் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமையே கிடையாது, செய்முறைக்கு மட்டும்தான்; வேறு செய்முறையில் அதே மருந்தை யாரும் செய்யலாம். அதனால் நீங்கள் 'கம்பெனி மாத்திரை' என்று நம்பி வாங்குவதில் பெரும்பாலானது வேறு யாரோ கண்டுபிடித்த மருந்துக்கு நம் ஊர்க் கம்பெனி வைத்த பெயர்தான், அதாவது அதுவும் ஜெனரிக்தான், விளம்பரச் செலவோடு சேர்த்து.

அதற்காக சந்தேகப்படுகிறவர்களை நான் கிண்டல் செய்ய மாட்டேன். தண்ணீரில் எளிதில் கரையாத மருந்துகளை மாத்திரையாகச் செய்ய உரிமம் கேட்பவர்கள், ரத்தத்தில் அது மூல மருந்தைப் போலவே சேர்கிறது என்று சோதித்துக் காட்ட வேண்டும் என்ற விதி இங்கே வந்ததே 2017-இல்தான். அதற்கு முன்பே உரிமம் வாங்கிய பழைய சரக்கும் சந்தையில் உண்டே.

இன்னொன்று, மருந்து ஒன்றாக இருந்தாலும் மாத்திரைக்குள் இருக்கும் மாவு ஒன்றாக இருக்காது. 1968 வாக்கில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயின் கேப்சூலில், நிரப்பும் பொருளாக இருந்த கால்சியம் சல்பேட்டை எடுத்துவிட்டு லாக்டோஸ் போட்டார்கள். மில்லிகிராம் மாறவில்லை, ஆனால் மருந்து ரத்தத்தில் அதிகமாக ஏறி, பல நோயாளிகள் தள்ளாடிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். ஆகவே வலிப்பு மாத்திரை, தைராய்டு மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்கப் போடும் வார்ஃபரின், இதிலெல்லாம் மாதத்துக்கு ஒரு கம்பெனி என்று மாறாதீர்கள். மாறித்தான் ஆக வேண்டுமென்றால் டாக்டரிடம் சொல்லிவிட்டு மாறுங்கள். தைராய்டுக்கு ஆறு வாரம் கழித்து டிஎஸ்ஹெச் என்ற ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டியிருக்கும், வார்ஃபரினுக்கு ரத்தம் சோதிக்க அவ்வளவு நாள் காத்திருக்கவே கூடாது.

பிரஷர், சுகர், கொழுப்பு மாத்திரைகளில் இவ்வளவு பயம் வேண்டாம். அங்கே நான் பார்க்கும் கோளாறெல்லாம் நிறத்திலும் பெயரிலும்தான். நேற்று வரை வெள்ளையாக இருந்தது இன்றைக்கு ரோஸ் கலரில் வந்தால் ஒருவர் போடாமலே விட்டுவிடுகிறார், இன்னொருவர் அந்தப் பாட்டி மாதிரி ரெண்டையும் விழுங்குகிறார். அட்டையில் மருந்தின் பெயர் பிராண்டு பெயரைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்று 2018-இல் விதி கொண்டுவந்தார்கள், நல்லதுதான், ஆனால் அது இங்கிலீஷில்தானே இருக்கிறது!

அதனால் இப்போதெல்லாம் பேனாவை எடுத்து அட்டையிலேயே தமிழில் எழுதிவிடுகிறேன்: 'பிரஷர், பழசுக்குப் பதில்'. பாட்டிக்கும் எழுதிக் கொடுத்தேன். அடுத்த மாதம் வீக்கம் வடிந்து, செருப்போடு வந்தார். பழைய அட்டையில் எட்டு மாத்திரை பாக்கி வைத்திருந்தார். "காசு குடுத்து வாங்கினது தம்பி, தூக்கிப் போட மனசு வரல." தேதியைப் பார்த்தேன், காலாவதி ஆகவில்லை. அந்த எட்டையும் முடித்துவிட்டு எங்களுடையதைப் பிரிக்கச் சொன்னேன்.