படைப் பட்டியலுக்கு அப்பால்

(திருகோணமலையில் இளம் எழுத்தாளர்களுக்காக நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

கற்பனை உலகங்களைப் படைத்து நாவல் எழுதும் பிள்ளைகள் இத்தனை பேர் நம் ஊரில் இருப்பதைக் காண மனம் நிறைகிறது. உங்கள் கையெழுத்துப் படிகளை வாசித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். வரைபடங்கள் அழகாக இருக்கின்றன. மன்னர்களின் பெயர்கள் இன்னும் அழகு. ஆனால் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரு பட்டியல் வருகிறது. மலைநாட்டிடம் 40,000 குதிரை வீரர், 12 பறக்கும் நாகங்கள். கடல்நாட்டிடம் 300 கப்பல்கள், 600 யானைகள். பிறகு போர் மூள்கிறது. எண்ணிக்கை கூடிய பக்கம் வெல்கிறது, அல்லது கதாநாயகனின் வீரம் கணக்கைத் தலைகீழாக்கிவிடுகிறது. அந்தப் பட்டியலைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

பட்டியல் போடுவதில் குற்றமே இல்லை. பாரதமே போட்டிருக்கிறது. ஓர் அக்குரோணி என்றால் 21,870 தேர், அதே அளவு யானை, 65,610 குதிரை, 109,350 காலாள். கௌரவர் பக்கம் 11 அக்குரோணி, பாண்டவர் பக்கம் 7. இதில் யானைகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். வளர்ந்த யானை நாளொன்றுக்கு 150 கிலோ வரை தின்னும். நாம் குறைத்து 100 கிலோ என்றே வைப்போம். ஓர் அக்குரோணியின் யானைகளுக்கு மட்டும் ஒரு நாளைக்கு 2,187 தொன் தீனி வேண்டும். இரு தரப்புக்கும் சேர்த்தால் 39,366 தொன். போர் நடந்ததோ 18 நாள். அத்தனை தழையையும் எந்தக் காட்டில் வெட்டினார்கள்? யார் வெட்டினார்கள்? எத்தனை வண்டிகள் ஓடின? அந்த வண்டி மாடுகளுக்கு யார் வைக்கோல் போட்டார்கள்? இந்தக் கேள்விகளுக்குள் ஒரு நாவலே இருக்கிறது.

நம் புலவர்கள் இதை மறந்தவர்கள் அல்லர். புறநானூற்றின் இரண்டாவது பாட்டில் முரஞ்சியூர் முடிநாகராயர் ஒரு சேர மன்னனைப் பாடுகிறார். ஐவரும் நூற்றுவரும் மோதிய போரில் சோற்றை அளவில்லாமல் வழங்கியவன் என்பதுதான் அவனுக்குப் பெருமை. பெருஞ்சோற்று உதியன் சேரலாதன் என்று சோற்றின் பெயராலேயே அவன் இன்றுவரை அறியப்படுகிறான். உங்கள் நாவல்களில் சமையல்காரன் பேசும் ஒரு வரியைக்கூட நான் காணவில்லை. மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற தலைமுறை உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. அம்மம்மாவிடம் கேளுங்கள், போரில் உணவுக்கு உள்ள இடத்தை அவர் சொல்வார்.

கடல்நாட்டுக்கு 300 கப்பல் கொடுத்தவரிடம் ஒன்று கேட்க வேண்டும்: அவை மாரி காலத்தில் எங்கே நிற்கும்? இதற்கு விடை தேடி நீங்கள் வேறெங்கும் போக வேண்டியதில்லை. 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைப் பறித்தார்கள். ஓகஸ்ட் முடிவதற்குள் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரன் அவர்களிடமிருந்து அதைப் பறித்துக்கொண்டார். ஆங்கிலேய அட்மிரல் ஹியூஸ் சென்னையிலிருந்து வந்து சேர்ந்தபோது கோட்டையில் பிரெஞ்சுக் கொடி பறந்தது. சென்னை, கடலூர், நாகப்பட்டினம் எங்கும் அன்று கப்பல்கள் ஒதுங்கி நிற்கப் பாதுகாப்பான துறைமுகம் கிடையாது. திறந்த கடலில் நங்கூரம் போட்டுப் படகில்தான் சாமான் இறக்கினார்கள். ஐப்பசியில் வடகீழ்ப் பருவக்காற்று கிளம்பியதும் அங்கே நிற்பது பேராபத்து. ஆங்கிலேயக் கப்பற்படை இந்தியாவைச் சுற்றிக்கொண்டு பம்பாய் வரை போக வேண்டியிருந்தது. நமது உட்துறைமுகத்திலோ எந்தக் காற்றிலும் கப்பல் நிற்கும். இரண்டு பேரரசுகள் இந்தச் சின்ன ஊருக்காக மோதிக்கொண்டதன் காரணம் இதுதான்.

அதே ஆண்டு செப்டெம்பர் 3 ஆம் திகதி நடந்த கடற்போரையும் கவனியுங்கள். பிரெஞ்சுப் பக்கம் 14 பெரும் போர்க்கப்பல்கள், ஆங்கிலேயர் பக்கம் 12. பட்டியல்படி சஃப்ரன் வென்றிருக்க வேண்டும். அவருடைய கப்பற்தலைவர்கள் பலர் வரிசை சேராமல் பின்தங்கி நின்றார்கள். முன்னே பாய்ந்த சில கப்பல்கள்தான் அடி முழுவதையும் வாங்கின. தளபதியின் சொந்தக் கப்பலிலேயே பெரிய பாய்மரம் முறிந்து விழுந்தது. இரு தரப்பும் ஒரு கப்பலையும் கைப்பற்றாமல் பிரிந்தன. திருகோணமலைக்குத் திரும்பும்போது ஓரியான் என்ற 74 பீரங்கிக் கப்பல் துறைமுக வாயிலில் தரைதட்டி அழிந்துபோனது. அதை எந்த எதிரியும் சுடவில்லை. உங்கள் பட்டியலில் 14 என்று எழுதும்போது, தலைவன் கொடியசைத்தால் அவற்றில் எத்தனை உடனே திரும்பும் என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

என்னை மிகவும் உலுக்குவது 1942. அந்த ஏப்ரல் 9 ஆம் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலையைக் குண்டு வீசித் தாக்கின. தாக்குதல் வருகிறது என்ற தகவல் கிடைத்து, ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் முதல் நாள் இரவே இங்கிருந்து புறப்பட்டுத் தெற்கே போயிருந்தது. மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலில் யப்பானியர் அதைக் கண்டுபிடித்து மூழ்கடித்தார்கள். முந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விமானந்தாங்கியாகவே வடிவமைக்கப்பட்ட ஆரம்பக் கப்பல்களில் ஒன்று அது. அன்று அதில் ஒரு விமானமும் இல்லை. எல்லாம் கரையில் இருந்தன. படைக் கணக்கில் அது ஒரு விமானந்தாங்கி. கடலிலோ, தன்னைக் காக்க வழியற்ற வெறும் இரும்புத் தளம். இப்போதும் சீனன்குடாப் பக்கம் போனால் அந்தக் காலத்து எண்ணெய்க் குதங்களைக் காட்டுக்குள் பார்க்கலாம். 99 குதங்கள். அவ்வளவு எண்ணெயைச் சேர்த்து வைக்கத் திட்டமிட்டவர்கள் எத்தகைய போரை எதிர்பார்த்தார்கள் என்று ஒருமுறை நின்று யோசியுங்கள்.

மலைநாட்டின் குதிரைகளுக்கு வருகிறேன். பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தின் வளத்தைப் பாடும்போது, கடல்வழி வந்த குதிரைகளைச் சொல்கிறது. நம் மன்னர்கள் பல நூற்றாண்டு குதிரையை வெளியிலிருந்து விலைகொடுத்து வாங்கியவர்கள். உங்கள் வரைபடத்தில் மலைநாட்டுக்குப் புல்வெளியே இல்லை, எல்லாம் பாறை. அப்படியானால் அந்த 40,000 குதிரையும் எங்கிருந்தோ வந்தாக வேண்டும். கடல்நாட்டின் துறைமுகத்தின் வழியாகத்தான் வருகின்றன என்றால், போர் தொடங்கிய அன்றே அந்த வழி அடைபட்டுவிடும். செத்த குதிரைக்கு மாற்றுக் குதிரை கிடைக்காது. மூன்றாவது மாதத்தில் குதிரை வீரர்களில் பாதிப்பேர் நடந்துதான் போவார்கள். அந்தக் காட்சியை எழுதுங்கள்.

பறக்கும் நாகங்களை எழுதிய தங்கைக்கு: அவற்றைக் கைவிட வேண்டாம், அவை அருமையானவை. ஒரு நாகம் நாளுக்கு எத்தனை ஆடு தின்னும், அந்த ஆடு யாருடைய பட்டியிலிருந்து போகிறது என்பதை மட்டும் முடிவு செய்யுங்கள். ஆட்டைப் பறிகொடுத்த இடையர்கள் தங்கள் அரசனுக்காக எவ்வளவு காலம் பொறுத்திருப்பார்கள் என்பதும் மலைநாட்டின் படைபலத்தில் சேரும்.

உங்கள் வரைபடத்தின் ஓரத்தில், பெயர்கூட வைக்காமல் ஒரு சிறு நாடு விட்டிருக்கிறீர்கள். அதற்குப் படை இல்லை. ஆழமான ஒரு குடாவும் நெல்வயல்களும் உண்டு. இந்தப் போர் ஒரு மாரியைத் தாண்டுமானால் இரண்டு அரசர்களின் தூதர்களும் அந்த நாட்டின் வாசலில்தான் வந்து நிற்பார்கள். முதலில் அதற்கு ஒரு பெயர் வையுங்கள்.