சங்கக்கடைத் தராசு

வணக்கம் நேயர்களே. சங்கக்கடையை, அதுதான் கூட்டுறவுச் சங்கம் நடத்துற கடையைப் பற்றிக் கதைக்க வாங்கோ எண்டு கூப்பிட்டவுடன எனக்கு முதல் ஞாபகம் வந்தது அப்பான்ர தராசுதான். அப்பா கிளிநொச்சிப் பக்கம் ஒரு கிளைக்கடையில மனேச்சரா இருந்தவர், சீனி நிறுக்கேக்க கையை எடுத்திட்டு தட்டு ஆடி அடங்குமட்டும் நிப்பார், பின்னால கியூ றோட்டு வரைக்கும் நிண்டாலும் அவசரப்படமாட்டார்.

இந்த நிறைப் பிரச்சினையாலதான் இப்பிடிக் கடையளே வந்தது பாருங்கோ. 1844 டிசம்பர் 21, இங்கிலாந்தில ரொச்டேல் எண்ட நெசவு ஊர், 28 பேர் ஆளுக்கு ஒரு பவுண் போட்டு ஒரு கடை திறந்தவை. அந்தக் காலம் அங்கத்தைக் கடையளில சாமானில கலப்படம், நிறையிலயும் களவு. இவையிட்ட இருந்தது வெண்ணெய், சீனி, கோதுமை மா, ஓட்ஸ் மா, கொஞ்ச மெழுகுதிரி, அவ்வளவுதான், ஆனா நிறை சரி, சாமான் சுத்தம், ஆளுக்கு ஒரு வாக்கு, வாங்கின அளவுக்கு லாபத்தில பங்கு. அந்த வழியில வந்த சங்கம் இண்டைக்கு அந்த நாடு முழுக்க சுப்பர்மார்க்கெட் நடத்துது.

எங்கட இலங்கையில 1911இல கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது, பிறகு ரெண்டாம் உலக யுத்தத்தில அரிசிக்குத் தட்டுப்பாடு வர ஊர் ஊரா பண்டகசாலைச் சங்கங்கள் முளைச்சது, 1957இல பிலிப் குணவர்த்தன அமைச்சரா இருக்கேக்க பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம் எண்டாச்சு. வடக்கில இதுக்கு ஓடித் திரிஞ்சவர் வீரசிங்கம், யாழ்ப்பாணத்து வீரசிங்கம் மண்டபம் அவற்ற பேரில உள்ளதுதான். எழுபதுகளில இரணைமடுக் குளத்துத் தண்ணியில விளைஞ்ச நெல்லைச் சங்கத்துக்குக் குடுத்திட்டு, அதே சங்கத்தில மாவும் மண்ணெண்ணெயும் வாங்கிக்கொண்டு வீட்ட வந்த சனம் நாங்கள்.

ஆனா சங்கக்கடை என்னெண்டு வன்னிச் சனத்துக்கு உண்மையா விளங்கினது தொண்ணூறுகளில. யுத்தத்தால அரசாங்கம் போட்ட பொருளாதாரத் தடை, பற்றறி இல்லை, சீமெந்து இல்லை, உரம் இல்லை, ஜாம் போத்தலில திரி போட்டு விளக்கெரிச்ச காலம். 1996இல கிளிநொச்சியை விட்டு அக்கராயன், மல்லாவி எண்டு ஓடேக்க அப்பா வீட்டுச் சாமானை விட்டிட்டு, சைக்கிள் கரியரில கடைக் கணக்குப் புத்தகங்களையும் படிக்கல்லையும் கட்டிக்கொண்டு வந்தவர். அம்மா கனநாளா அதைச் சொல்லிச் சொல்லி ஏசினவ. பிறகு ஒரு கிடுகுக் கொட்டிலில கடை, ஜீ.ஏ. எண்ட அரசாங்க அதிபரின்ர கந்தோர் அனுப்பிற நிவாரணம் சங்கத்துக்குள்ளாலதான் வரும், அரிசி, மா, பருப்பு, சீனி. லொறியில வாற மூட்டை நிறுத்தா எப்பவும் ரெண்டு மூண்டு கிலோ குறையும், அந்தக் குறைவைச் சனத்தின்ர தலையில போட அப்பாவுக்கு மனம் வராது, மேலிடத்துக்கு எழுதி எழுதிக் கடைசியில தன்ர சம்பளத்தில வெட்டு வாங்கினவர். அதை நினைக்க எனக்கு இப்பவும் கோபம்தான் வாறது, ஆனா அந்தக் கொட்டிலில ஒருத்தரும் நிறை குறைஞ்சு வாங்கினதில்லை.

2009இல, கடைசி யுத்தத்தில எல்லாம் போச்சுது. கட்டடம், களஞ்சியம், அப்பான்ர பங்குப் புத்தகமும்.

இப்ப ஏ9 றோட்டில ஏசி போட்ட பெரிய கடையள் வந்திட்டுது, பிள்ளையள் அங்க போறதைப் பிழை சொல்லேலாது, சாமான் அடுக்கி வெளிச்சமா இருக்கு. ஆனா அந்தக் கடையின்ர லாபம் எங்க போகுது எண்டு கேக்க எனக்கும் உங்களுக்கும் உரிமை இல்லை. சங்கத்தில இருக்கு, நாங்கள்தான் கேக்கிறேல்லை. போன பொதுக்கூட்டத்துக்கு எங்கட கிளையில விரல் விட்டு எண்ணிற அளவு சனம், அதிலயும் இளம் ஆக்கள் ஒருத்தரும் இல்லை, கணக்கறிக்கையை வாசிச்சு முடிக்க முதலே பாதிப்பேர் எழும்பிட்டினம். நெல்லுக் களஞ்சியத்துக்குக் கூரை போடுறதெண்டு அண்டைக்குத் தீர்மானம் எடுத்தது, மாரியும் வந்திட்டுது, இன்னும் கூரை இல்லை. வாற கூட்டத்தில நான் முதல் கேக்கப்போறது அதைத்தான், எங்கட கிளை அங்கத்தவர் ஆரும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தா நீங்களும் வாங்கோ. வணக்கம்.